கரண்ட் போனபோதா, வந்தபோதா, நாலு நாள் கழித்தா? கடல் தொட்டியில் மீனைக் கொன்றது எது

கடல் மீன் தொட்டியில் ஒரு சாதனம் மக்கர் பண்ணி மறுநாள் மீன்கள் செத்து மிதந்தால், ஓசூரிலிருந்து தர்மபுரி வரை யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அம்மோனியா. அடுத்தது "தண்ணியில கரண்ட் இறங்கியிருக்கும்ணா". இரண்டுமே நடக்கக்கூடியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான தொட்டிகளில் முதல் குற்றவாளி இந்த இரண்டும் இல்லை. காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் பணமும் தப்பான இடத்தில் போகும், அடுத்த கரண்ட் கட்டில் அதே கதைதான்.

அதனால் சந்தேகப்பட வேண்டியவற்றை எதிரும் புதிருமாக வைத்துப் பார்க்கலாம். கையில் இரண்டு கேள்விகள் போதும். எப்போது செத்தது? எது செத்தது, மீன் மட்டுமா, இல்லை இறால், நத்தையும் சேர்ந்தா? தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டை விட இந்த இரண்டு கேள்விகள்தான் அதிகம் பேசும் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் நாம் கிட்டை எடுக்கும் நேரத்தில் தண்ணீர் பாதி பழைய நிலைக்கு வந்திருக்கும், செத்த மீன்களே அம்மோனியாவைக் கூட்டியும் விட்டிருக்கும்.

ஆக்சிஜனா, அம்மோனியாவா

26 டிகிரியில் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். அதே சூட்டில் கடல் தண்ணீரில் 6.6 அளவுதான். சூடு 30 டிகிரிக்குப் போனால் அது 6.2க்கு இறங்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, அங்கே இன்னும் பத்து சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். அதாவது நம் பக்கத்துக் கடல் தொட்டியில் கையிருப்பே கம்மி. இதில் கீழே இருக்கும் சம்ப் எனும் திறந்த வடிகட்டும் தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றால் அந்த வழியாக வரும் காற்று போச்சு, நுரையில் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் நின்றால் அதன் நுரையோடு கலந்த காற்றும் போச்சு, லைட் அணைந்தால் பவளம் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிட்டு மீனோடு போட்டி போட்டு எடுக்க ஆரம்பிக்கும். லைவ் ராக் எனும் கடல் பாறையிலும் மணலிலும் இருக்கும் பாக்டீரியாவுக்கும் அதே ஆக்சிஜன்தான் வேண்டும். மீன் நெருக்கமான தொட்டியில் தண்ணீர் அசையாமல் நின்றால் சில மணி நேரமே போதும்.

அம்மோனியா அப்படி அவசரப்படாது. இந்த இடத்தில்தான் பலருக்கும் கணக்கு தப்புகிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கும். பிஎச் 0.3 குறைந்தாலே அம்மோனியாவில் மீனைத் தாக்கும் நச்சுப் பங்கு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆக, இருட்டில் மீன் மூச்சுக்குத் தவிக்கும் நேரத்தில் அம்மோனியா அடக்கித்தான் வாசிக்கிறது. கரண்ட் வந்து, காற்று ஓடி, பிஎச் மேலே ஏறும்போதுதான் அது பல்லைக் காட்டும்.

தர்மபுரியில் ஒரு நண்பர் வீட்டுத் தொட்டியைப் பார்த்தால் இது புரியும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய மின்சாரம் மதியத்துக்கு மேல் வந்தது. வீட்டில் லைட் எரிந்தது, தொட்டி லைட்டும் எரிந்தது, ஆனால் ரிட்டர்ன் பம்ப் ஓடவில்லை. யாரும் கவனிக்கவில்லை. இரவு பார்க்கும்போது பவுடர் ப்ளூ டாங் மீன் வாயை ஆவென்று பிளந்து, செவுள் மூடி இரண்டு பக்கமும் விரிந்து, பாறைக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. ஆந்தியாஸ் மீன்கள் எல்லாம் போய்விட்டன. இரண்டு கோமாளி மீன்களும் ஒரு டேம்சலும் மேலே வந்து தண்ணீர்ப் பரப்பை ஒட்டி வாயை வாயைத் திறந்துகொண்டு உயிரோடு இருந்தன. கிளீனர் இறால் ஒன்றுமே நடக்காத மாதிரி பாறை மேல் உட்கார்ந்திருந்தது. பம்பைக் கழற்றினால் உள்ளே சுழலும் இம்பெல்லர் மேல் சுண்ணாம்புப் படிவம், விரலால் சுற்றினாலும் முரண்டு பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தப் படிவத்தோடேயே ஓடும். ஒருமுறை நின்றால், அதுவும் லோ வோல்டேஜில் கரண்ட் வந்தால், மறுபடி கிளம்பாது. "அண்ணா, அம்மோனியா 0.25 காட்டுதுண்ணா, அதானே?" என்று கேட்டார். இல்லை. நிறைய ஓடியாடி நீந்தும், அதிகம் மூச்சு வாங்கும் மீன்கள் முதலில் போய், மந்தமானவை தப்பி, இறாலும் நத்தையும் அசையாமல் இருந்தால் அது மூச்சுத் திணறல். 0.25 என்பது செத்தவை விட்டுச் சென்ற கணக்கு.

இந்த நேரத்தில் பலர் ஓடிப்போய் வாங்கி ஊற்றுவது அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் பாட்டில். அதில் சில வகை, அளவு மிஞ்சினால் தண்ணீரில் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். காற்று ஓடாத தொட்டியில் அதை ஊற்றுவதை விட, ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீரை மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுவது எவ்வளவோ மேல். கை வலிக்கும், வேலை செய்யும்.

கரண்ட் வந்த அரை மணி நேரத்தில் செத்தால்

இது வேறு கேஸ். கரண்ட் இல்லாதபோது நன்றாக இருந்த மீன்கள், எல்லாம் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சுருண்டால் முதலில் கேனிஸ்டர் ஃபில்டரைப் பாருங்கள். அது மூடிய டப்பா. உள்ளே அழுக்கும் பாக்டீரியாவும் நிறைய, காற்று வர வழியே இல்லை. சில மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் கெட்டுப்போகும், பாக்டீரியாவும் சாக ஆரம்பிக்கும். பம்ப் ஓடியதும் அந்தக் கழிவுத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பீய்ச்சும். மூடியைத் திறக்கும்போது அழுகிய முட்டை வாசனை அடித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு, சந்தேகமே வேண்டாம். அதனால் நீண்ட நேரம் கரண்ட் போனால், வந்ததும் தானாக ஓட விடாமல் பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இருப்பதைக் கொட்டிக் கழுவிவிட்டு ஓட்ட வேண்டும். சம்ப் வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, மேலே திறந்திருப்பதால். இந்த ஒரு விஷயத்துக்காகவே கேனிஸ்டரா சம்பா என்று கேட்பவர்களிடம் சம்ப் என்றுதான் சொல்வேன், நம் ஊர் மின்சார நிலவரத்துக்கு.

இறாலும் நத்தையும் சேர்ந்து போனால்

அப்போது ஆக்சிஜனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளலாம். நத்தை கண்ணாடியிலிருந்து கழன்று விழுகிறது, இறால் செத்தது, பவளம் சுருங்கியது, மீன் மட்டும் சாப்பிடுகிறது என்றால் செம்பு. பம்பின் வெளி உறை விரிசல் விட்டு உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியில் உப்புத் தண்ணீர் பட்டிருக்கும். மீனுக்கு மருந்தாகக் கொடுக்கும் அளவு செம்பே இறாலுக்கு எமன்.

இதே மாதிரி தோன்றும் இன்னொன்று உப்பு இறங்குவது. தானாக ஆர்ஓ தண்ணீர் நிரப்பும் சாதனத்தில் மிதவை சிக்கி, வாளித் தண்ணீர் முழுக்க உள்ளே போய், 1.025 இருந்த உப்புத் தண்ணீர் அடர்த்தி 1.018க்கு வந்திருக்கும். மீன் இதைப் பெரும்பாலும் தாங்கும். மீனுக்கு நோய் வந்தால் 1.009 வரைக்கும் மெதுவாக இறக்கி வைத்தியம் பார்ப்பதுண்டு. பவளமும் நத்தையும் தாங்காது. ஆக, மீன் மட்டும் செத்த தொட்டியில் உப்பைக் குறை சொல்ல இடமில்லை.

எல்லாமே ஒட்டுமொத்தமாகப் போயிருந்தால் ஹீட்டர். உள்ளே தொடுமுனை ஒட்டிக்கொண்டு அணையாமல் எரிந்திருக்கும். 200 லிட்டர் தொட்டியில் 300 வாட் ஹீட்டர் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றும், ஒரு ராத்திரிக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஓசூர்க்காரர்களுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக அதை இணைப்பதும், ஒரே 300 வாட்டுக்குப் பதில் இரண்டு 150 வாட் போடுவதும் நல்லது. தர்மபுரியில் பிரச்சினை நேர்மாறு, அங்கே பயப்பட வேண்டியது தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நிற்பதற்கு.

தண்ணீரில் கரண்ட் இறங்கியது என்ற கட்சியைப் பற்றிச் சுருக்கமாக: மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தொட்டியிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தால் 30, 40 வோல்ட் காட்டும், நல்ல பம்பாக இருந்தாலும் காட்டும். அது தூண்டல் மின்னழுத்தம், அதில் ஓடும் மின்னோட்டம் ஒன்றுமில்லை. மீன் வழியாகப் பாய்ந்து வெளியேற வழி இருந்தால்தான் அதற்கு ஆபத்து. நிஜமாகவே கசிவு இருந்தால் முதலில் ஆபத்து கையை விடும் ஆளுக்கு. கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி போடாமல் கடல் தொட்டி வைக்காதீர்கள். கோடையில் வீட்டு எர்த் குழி காய்ந்து போயிருக்கும், அதற்கும் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

நாலைந்து நாள் கழித்துச் செத்தால்

இதைத்தான் அதிகம் பேர் கரண்ட் கட்டின் கணக்கில் எழுதுகிறார்கள். மீன் மட்டும் சாகும், இறாலும் பவளமும் நன்றாக இருக்கும், பார்த்தால் அசல் ஆக்சிஜன் கேஸ் மாதிரியே தெரியும். வித்தியாசம் நாளில்தான். பம்ப் ஓடி, தண்ணீர் சரியாகி, சில நாள் கழித்து ஒவ்வொன்றாகப் போனால் அது வெல்வெட் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். தொட்டியில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்த ஒட்டுண்ணி, மூச்சுத் திணறலில் களைத்துப் போன மீனைப் பிடித்துக்கொள்ளும். வேகமாக மூச்சு வாங்கும், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும், தண்ணீரைத் தள்ளி அசைக்கும் வேவ்மேக்கரின் வேகத்துக்கு முகத்தைக் கொடுத்து நிற்கும். செவுளைத்தான் முதலில் தாக்குவதால் உடம்பில் தூசு படிந்த மாதிரித் தெரிவதற்குள் காரியம் கைமீறிவிடும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றிச் செம்பு மருந்து, பவளத் தொட்டியை ஆறு வாரமாவது மீனில்லாமல் விடுவது, இதுதான் வழி. பெங்களூரிலிருந்தோ சென்னை கொளத்தூரிலிருந்தோ வந்த மீனைத் தனியாக வைத்துப் பார்க்காமல் நேராக விட்டவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம்.

சரி, பணத்தை எதில் போடுவது

வீட்டு இன்வெர்ட்டர்தான் இருக்கே என்பவர்கள் அதிகம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் ஏட்டளவில் 1800 வாட்-மணி. 40 வாட் ரிட்டர்ன் பம்ப் ஒன்று மட்டும் ஓடினால் ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். ஆனால் அதே பேட்டரியில் மூன்று ஃபேன், டிவி, வைஃபை எல்லாம் ஓடும், ராத்திரி மூன்று மணிக்கு எல்லாம் சேர்ந்து அணையும். தவிர, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் உறுமும், சூடாகும், சிலது கிளம்பவே கிளம்பாது. சைன் வேவ் இருந்தால் சரி. இந்த நம்பிக்கையில் வேறு ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி ஏர் பம்ப் பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், என் ஓட்டு அதற்குத்தான். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், ஒன்றரை வாட் பம்ப், பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது: இவ்வளவு குறைந்த மின்சாரம் இழுத்தால் பல பவர் பேங்குகள் போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். வாங்கிய அன்றே ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டுப் பாருங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் அதிகம் என்றால், கரண்ட் போனதும் தானே ஓட ஆரம்பிக்கும், உள்ளேயே பேட்டரி உள்ள ஏர் பம்ப் கொஞ்சம் விலை கூடினாலும் அதுதான் பொருத்தம். தொட்டி ஓரத்தில் உப்புத் தெறிக்கும், துடைத்துக்கொள்ளலாம்.

பவளம் நிறைய உள்ள பெரிய தொட்டிக்கு ஏர் ஸ்டோன் மட்டும் போதாது, தண்ணீர் நகர வேண்டும். அதற்கு டிசி வேவ்மேக்கரை நேராகப் பேட்டரியில் இணைப்பதே சிறந்தது, இன்வெர்ட்டரில் வீணாகும் மின்சாரம் மிச்சம். வேவ்மேக்கரின் முகம் மேல்நோக்கி, தண்ணீர்ப் பரப்பு குலுங்கும்படி இருக்கட்டும். அடியில் சுற்றினால் பாதிப் பலன்தான்.

ஜெனரேட்டர் தேவைப்படுவது சில்லர் வைத்தவர்களுக்கு மட்டும். சித்திரை வெயிலில் தர்மபுரியில் அரை நாள் சில்லர் நின்றால் தொட்டி 31, 32 என்று போகும். அதற்கும் முன்னால் செலவில்லாத வழி ஒன்று உண்டு: மூடியைத் திறந்து, தண்ணீர் மேல் படும்படி ஒரு சின்ன பேட்டரி ஃபேன். நம் பக்கத்துக் காற்று வறட்சியானது, ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும், சென்னைக் கசகசப்பில் இவ்வளவு பலன் கிடைக்காது. ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீரை விட்டு உப்பைச் சரிபாருங்கள், போர் தண்ணீர் மட்டும் வேண்டாம், கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த காரணத்திலிருந்தே தெரிந்த கதை.

இன்னொன்று, கடற்கரை ஊர்க்காரர்கள் மாதிரி அவசரத்துக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓட நம்மால் முடியாது, சாலை வழியில் 200 கிலோமீட்டருக்கு மேல். அதனால் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு மாற்றும் அளவுக்கு உப்புக் கலந்த ஆர்ஓ தண்ணீர் ஒரு மூடிய டிரம்மில் எப்போதும் இருக்கட்டும். ரிட்டர்ன் பம்பை மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊற வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, தானாகக் கிளம்புகிறதா என்று பாருங்கள்.