மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது?

முப்பத்தோரு ஆண்டுகள் சேலத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். அதனால்தான் இந்த வழக்கு என் மேசைக்கு வந்தது. ஒரு பக்கம் கோட்டையில் குடியிருக்கும் பாய், வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறவர். மறுபக்கம் ஏற்காட்டில் உபதேசியாராக இருக்கும் நண்பர். இயேசு உயிர்த்தெழுந்ததற்குச் சாட்சி பலமா, நபிகள் நாயகம் காலத்தில் நிலவு பிளந்ததற்குச் சாட்சி பலமா என்பது அவர்களுக்குள் பல ஆண்டாக நடக்கும் பேச்சு. "நீங்கள் இரண்டு பக்கமும் சேராதவர், காகிதம் பார்த்துப் பழகிய கண். எந்தக் கோப்பை வாங்குவீர்கள்?" என்று கேட்டார்கள். மூன்று மாதத் தவணை வாங்கிக்கொண்டு, போன மாதம் ஏற்காட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன். உபதேசியாரின் கோப்பைத்தான் எடுத்தேன். ஏன் என்பதை எழுதுகிறேன்.

அற்புதம் நடக்குமா நடக்காதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு முடிவே கிடையாது. இயேசு நோயாளிகளைக் குணமாக்கினார், கன்னியிடம் பிறந்தார் என்பதில் இருவருக்கும் சண்டையும் இல்லை. குர்ஆனே அதைச் சொல்கிறது. எனக்கு அரபியோ கிரேக்கமோ தெரியாது, தமிழ் மொழிபெயர்ப்புகளை வைத்துத்தான் பேசுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு பத்திரம் கைக்கு வந்தால் முதலில் கேட்பது, இதற்கு முந்தையது எங்கே என்பதுதான். ஒருமுறை மலையடிவாரத்து நிலம் ஒன்றுக்குக் கிரயம் எழுத வந்தார்கள். கையில் மூன்று பத்திரம். மூன்றிலும் ஒரே வாசகம்: "மேற்படி சொத்து என் பாட்டனார் 1938-இல் கிரயம் பெற்ற வகையில்..." அந்த 1938 பத்திரத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நகலுக்கு மனுப்போட்டு வாங்கினால், செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், கிழக்கே ஓடை என்று இருக்கிறது. இவர்கள் நிலத்துக்குக் கிழக்கே பாறை. வேறு யாருடைய நிலமோ அது. மூன்று எழுத்தர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள். முந்தையவர் எழுதியதை அப்படியே பார்த்து எழுதினார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடுதான் பாயின் கோப்பைத் திறந்தேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாட்சி வரிசையை எழுதிவைக்கும் ஒழுங்கில் முஸ்லிம் அறிஞர்களை மிஞ்ச ஆள் இல்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், அவர் எந்த ஊர், நினைவாற்றல் எப்படி, பொய் சொல்பவரா என்று ஒவ்வொரு அறிவிப்பாளரையும் துருவியிருக்கிறார்கள். வில்லங்கச் சான்றுகூட இத்தனை சுத்தமாக வராது. நிலவு பிளந்த செய்தி, புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு அறிஞர்கள் தொகுத்த ஹதீஸ் (நபிமொழி) நூல்களில் இருக்கிறது. ஆனால் புகாரி இறந்தது 870-இல், முஸ்லிம் 875-இல். சம்பவமோ 622-இல் நபிகள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத்துக்கு முன்னால் மக்காவில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. அதை அறிவித்தவர்களில் அனஸ் பின் மாலிக் மதீனாக்காரர், நபிகள் அங்கே வந்தபோது பத்து வயதுச் சிறுவர். இப்னு அப்பாஸ் ஹிஜ்ரத்துக்குச் சுமார் மூன்று ஆண்டு முன்பு பிறந்தவர். இருவரும் கேட்டுச் சொன்னவர்கள். நேரில் கண்டதாக வருகிற முக்கியச் சாட்சி இப்னு மஸ்ஊத். மக்காவை அடுத்த மினாவில் நபிகளோடு இருந்தோம் என்கிறார். அவர் சொன்னதும் நமக்குக் கிடைப்பது தலைமுறைகள் தாண்டி வந்த அறிவிப்பாகத்தான்.

பாய் விடவில்லை. "ஹதீஸை விடுங்கள். 'நேரம் நெருங்கிவிட்டது, சந்திரன் பிளந்துவிட்டது' என்று குர்ஆன் 54-ஆம் சூராவின் முதல் வசனமே சொல்கிறதே" என்றார். கனமான வாதம்தான். பர்மிங்காமில் இருக்கும் குர்ஆன் ஏடுகளின் தோலுக்குக் கார்பன் சோதனை தந்த காலம் 568 முதல் 645 வரை. அந்த ஏடுகளில் இந்த வசனம் இல்லை என்றாலும், குர்ஆன் வாசகம் பழையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வசனம் ஒற்றை வரி. இடம் இல்லை, சாட்சியின் பெயர் இல்லை. இறுதிநாளில் நடக்கப்போவதையே அது சொல்கிறது என்று பொருள்கொண்டவர்களும் பழைய உரைகாரர்களிடையே உண்டு. அத்தாட்சிகள் ஏன் இறங்கவில்லை என்று மக்கள் கேட்டதற்கு, வேதத்தை இறக்கியது போதாதா என்று 29-ஆம் சூராவே பதில் சொல்கிறது.

நிலவு எல்லார் தலைக்கு மேலும் இருப்பது. கேரள மன்னர் சேரமான் பெருமாள் அது பிளந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மக்காவுக்குப் போனார் என்ற கதையைப் பாய் எடுத்தார். பதினாறாம் நூற்றாண்டிலேயே மலபாரின் ஷேக் ஜைனுத்தீன் அந்தக் கதையை நம்பவில்லை; மன்னர் போனது ஹிஜ்ரத்துக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து இருக்கலாம் என்று எழுதிவைத்தார். தம் தரப்புக்குச் சாதகமான கதையைத் தாமே தள்ளிய அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

உபதேசியாரின் கோப்பிலும் ஓட்டை நிறைய. மாற்கு நற்செய்தி எழுதப்பட்டது ஏறக்குறைய 70-இல்; அதன் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டில், பெண்கள் கல்லறையைவிட்டு அஞ்சி ஓடுவதோடு கதை முடிந்துவிடுகிறது. மத்தேயு மட்டும் கல்லறைகள் திறந்து பரிசுத்தவான்கள் பலர் எழுந்து ஊருக்குள் வந்ததாக எழுதுகிறார். வேறு ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இதைச் சொன்னதும் உபதேசியார் எழுந்து காபி போடப் போய்விட்டார்.

ஆனால் அந்தக் கோப்பின் அடியில் ஒரு கடிதம் இருக்கிறது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம். காலம் சுமார் கி.பி. 54. சிலுவை மரணம் 30 அல்லது 33. அதன் பதினைந்தாம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகச் சொல்லிப் உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியல் போடுகிறார்: கேபா (சீடர் பேதுரு), பன்னிரு சீடர்கள், ஒரே வேளையில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், யாக்கோபு, கடைசியில் நான். ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். அந்த ஐந்நூறு பேரில் ஒருவர் பெயரும் இல்லை என்பது எனக்கு உறுத்தல்தான். மக்காவுக்கு அருகே ஹுதைபியாவில் நபிகளின் விரல்களிடையே சுரந்த நீரை ஆயிரத்து ஐந்நூறு பேர் குடித்தார்கள் என்று நபித்தோழர் ஜாபிர் சொல்வதும் இதே ரகம். கூட்டம் பெரிது, பேசுகிறவர் ஒருவர்.

என்னை இழுத்தது கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் போகிறபோக்கில் வரும் ஒரு வரி. எருசலேமுக்குப் போய்க் கேபாவோடு பதினைந்து நாள் தங்கினேன், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபையும் கண்டேன் என்கிறார் பவுல். அதாவது பட்டியல் எழுதியவர், பட்டியலில் உள்ள சாட்சிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். அதற்கு முன் அந்தக் கூட்டத்தையே துன்புறுத்தித் திரிந்த எதிர்த்தரப்பு ஆள். எழுதியதும் அவரே, இந்த இரண்டு கடிதமும் பவுலுடையவை என்பதை நம்பிக்கையில்லாத ஆராய்ச்சியாளர்களும் ஏற்கிறார்கள். இப்படி ஒரு காகிதம் நிலவுக்கு இல்லை.

எங்கள் ஊர்க்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் கோயில் குகை காவிரிவரை போகிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். போய் வந்தவர் யார் என்று கேட்டால் பூசாரி சிரிப்பார். அதனால் நிலவைச் சோதித்ததில் ஓரவஞ்சனை இல்லை.

பாய் கடைசியாகச் சொன்னதுதான் அவருடைய நல்ல வாதம். "எங்களுக்குப் பெரிய அற்புதமே குர்ஆன்தான். அசலே கையில் இருக்கும்போது சாட்சி எதற்கு?" அரபி தெரியாதவன் அதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது? ஒதுக்கிவைத்துவிட்டேன்.

"சரி, அந்தக் கடிதத்தை வைத்து நீங்கள் கிரயம் முடிப்பீர்களா?" என்றார்.

பத்திரம் உண்மை என்பது வேறு, சொத்து விற்றவனுடையது என்பது வேறு; பதிவு செய்ததால் மட்டும் உரிமை வந்துவிடாது என்றேன். அவர்கள் கண்டதாக மனமாரச் சொன்னார்கள் என்பதுவரை கடிதம் தாங்கும். பவுல் தான் கண்டதையும் கேபா கண்டதையும் ஒரே வரிசையில் வைக்கிறார்; கண்டது எப்படிப்பட்ட காட்சி என்பதற்கு அதில் செக்குபந்தி இல்லை.

காபித் தம்ளரை நீட்டிய உபதேசியார், "கிரயம் வேண்டாம். முன்பணமாவது கொடுத்து வையுங்களேன்" என்றார். பாய்க்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.