படபடவென்று தட்ட எந்த கண்ட்ரோலர்? என்இஎஸ் முதல் ஆர்கேட் பட்டன் வரை

கண்ட்ரோலர் விமர்சனம் என்றால் ஸ்டிக் டிரிஃப்ட், பேட்டரி, அதிர்வு, கைப்பிடி என்று எல்லாம் வந்துவிடும். ஒரே பட்டனை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் அது எப்படி ஒத்துழைக்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பழைய ஷூட்டிங் கேம்கள், ஓட்டப்பந்தய கேம்கள், எதிரியின் பிடியிலிருந்து திமிறி வெளியே வரும் கட்டங்கள் எல்லாமே இதை நம்பித்தான் இருக்கின்றன. எனவே இங்கே பார்க்கப்போவது அந்த ஒன்றை மட்டும்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு 60 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) ஓடும் கேம், ஏறக்குறைய 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை பட்டனைப் பார்க்கிறது. ஒரு தட்டல் கணக்கில் ஏற வேண்டுமானால் ஒரு பிரேமில் பட்டன் அழுந்தியும் இன்னொரு பிரேமில் விடுபட்டும் இருக்க வேண்டும். ஆக, உச்சவரம்பு நொடிக்கு 30. மனிதர்கள் அதை நெருங்குவதே கடினம். ஹட்சன் என்ற கேம் நிறுவனத்தின் தகாஹாஷி மெய்ஜின் 1980களில் ஜப்பான் முழுக்கப் பெயர் வாங்கியது நொடிக்கு 16 தட்டலுக்காக. அதாவது ஒரு தட்டலுக்கு 62.5 மில்லிநொடி. அந்த இடைவெளிக்குள் விரல் இறங்கி, சுவிட்ச் சேர்ந்து, விரல் எழும்பி, சுவிட்ச் பிரிந்தாக வேண்டும்.

எல்லாம் இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது. வேகம் கூடக்கூட விரல் முழுதாக மேலே வராது. பாதி தூரம் எழும்பியதுமே மறுபடி இறங்க ஆரம்பித்துவிடும். அந்தப் பாதி தூரத்துக்குள் சுவிட்ச் பிரிந்திருந்தால் இரண்டு தட்டல். பிரியாவிட்டால் இரண்டும் கலந்து ஒன்றாகப் பதிவாகும். எனவே பட்டன் எவ்வளவு சீக்கிரம் அழுந்துகிறது என்று விளம்பரத்தில் போடும் எண்ணைவிட, அடிமட்டத்திலிருந்து எவ்வளவு எழும்பினால் அது விடுபடுகிறது என்பதே முக்கியம். நல்ல உதாரணம் மெக்கானிக்கல் கீபோர்டு சுவிட்ச். செர்ரி எம்எக்ஸ் ஸ்பீட் சில்வர் 1.2 மி.மீ. ஆழத்திலேயே பதிவாகும், மொத்த ஆழமோ 3.4 மி.மீ. வேகமாகத் தட்டும் விரல் அடிவரை போய்விடுவதால், விடுபட அது ஏறக்குறைய 2.2 மி.மீ. திரும்பி வர வேண்டும். சாதாரண எம்எக்ஸ் ரெட் 2 மி.மீ.யில் பதிவாகி 4 மி.மீ.யில் நிற்கிறது, அங்கே திரும்ப வேண்டியது 2 மி.மீ.தான். முதல் தட்டலுக்கு ஸ்பீட் சில்வர் முந்தும். தொடர்ந்து தட்டும்போது அந்த முன்னிலை காணாமல் போய்விடும். ஜாய்ஸ்டிக் இல்லாமல் எல்லாமே பட்டன்களாக இருக்கும் லீவர்லெஸ் கண்ட்ரோலர்களில் வரும் கெய்ல் சாக் ரெட் 1.5 மி.மீ.யில் பதிவாகி 3 மி.மீ.யில் நிற்கிறது. மூன்றில் இந்த வேலைக்கு அதுதான் தோது.

இப்போது கையில் எடுப்போம்.

நின்டென்டோவின் 1980களின் கேம் கருவியான என்இஎஸ்ஸின் கண்ட்ரோலரில் உள்ளே இருப்பது சிலிக்கோன் ரப்பர் குமிழ், அதன் அடியில் கார்பன் வில்லை, மின்சுற்றுப் பலகையில் இரண்டு தடம். வில்லை தொட்டால் சேரும், துளி எழும்பினால் பிரியும். விடுபடும் இடம் அடிமட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால் தட்டல்கள் கலப்பது குறைவு. ஆனால் ஒவ்வொரு தட்டலிலும் குமிழை முழுக்க மடக்கியே ஆக வேண்டும். கட்டைவிரல் சீக்கிரம் சோர்ந்துபோகும். இதன் ஜப்பானிய மூத்த உருவான ஃபேமிகாம் 1983இல் வந்தபோது ஏ, பி இரண்டும் சதுர ரப்பர் பட்டன்கள். வேகமாகத் தட்டினால் ஓரம் குழிக்குள் சிக்கிக்கொள்ளும். பின்னர் வட்ட பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்கள்.

கட்டைவிரலை மறந்துவிட்டு என்இஎஸ் பேடைத் திருப்பிப் பார்த்தால் கதையே வேறு. டெட்ரிஸ் ஆட்டக்காரர்கள் கையாளும் ரோலிங் முறையில் கட்டைவிரல் டி-பேடின் (சிலுவை வடிவத் திசைப் பட்டன்) மேல் லேசாக நிற்க, மறு கையின் விரல்கள் பேடின் முதுகை வரிசையாகத் தட்டுகின்றன. பட்டன் விரலுக்குப் போவதில்லை, பேடே எழுந்து கட்டைவிரலுக்கு வருகிறது. நான்கு விரல் நான்கு தட்டல் தருவதால் நொடிக்கு 20ஐத் தாண்ட முடிகிறது. என்இஎஸ் டெட்ரிஸில் பட்டனை அழுத்திப் பிடித்தால் 16 பிரேம் காத்திருந்து, பிறகு 6 பிரேமுக்கு ஒருமுறைதான் கட்டை பக்கவாட்டில் நகரும். 29ஆம் லெவலில் கட்டை ஒரு பிரேமுக்கு ஒரு வரிசை விழும்போது அந்த வேகம் எதற்கும் பற்றாது. 2023 டிசம்பரில் ஒரு 13 வயதுச் சிறுவர் அந்த கேமை 157ஆம் லெவல் வரை கொண்டுபோய் உறையவைத்தது இந்த ரோலிங் முறையால்தான். தட்டையான முதுகு, குறைந்த எடை, மென்மையான ரப்பர் மூன்றும் சேர்ந்ததால் என்இஎஸ் பேடுக்கு இது வாய்த்தது. இன்றைய கனமான, உருண்டையான பேட்களில் இதைச் செய்து பயனில்லை.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கண்ட்ரோலரின் ஏ, பி, எக்ஸ், ஒய் நான்கும் ரப்பர் குமிழ்தான். குமிழ் மடங்கும் இடம் விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது, திரும்பி எழுவதிலும் சுணக்கமில்லை. ரப்பர் பேட்களில் கட்டைவிரல் தட்டலுக்கு எங்கள் முதல் தேர்வு இது. டி-பேடில் உலோகக் குமிழ். கடக்கடக்கென்ற சத்தம் வீட்டையே எழுப்பும், ஆனால் துல்லியத்தில் குறையில்லை. மேல் விளிம்பில் உள்ள எல்பி, ஆர்பி பட்டன்கள் ஒரு முனையில் கீல்போல அசைபவை. வெளி ஓரத்தில் தட்டினால் எளிது, நடுப்பக்கம் போகப்போக இறுகும். விரலை ஓரத்துக்கு நகர்த்தாமல் பட்டனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் பட்டன்கள் மென்மையாக, சத்தமின்றி இறங்குகின்றன. சாதாரண ஆட்டத்துக்கு இதமானவை. வேகமாகத் தட்டும்போதோ எங்கே பதிவானது, எங்கே விடுபட்டது என்று விரலுக்குத் தகவல் குறைவு. வழுவழுப்பான மேற்பரப்பு வியர்வையில் வழுக்கவும் செய்கிறது. இதைவிடப் பெரிய தொந்தரவு அடாப்டிவ் டிரிக்கர், அதாவது கேமுக்கு ஏற்ப விரலை எதிர்த்து இறுகும் எல்2, ஆர்2 விசைகள். ஆர்2வால் ஒவ்வொரு குண்டாகச் சுட வேண்டிய கேமில் அந்த எதிர்ப்பு விசை விரலை இழுத்துப் பிடிக்கும். செட்டிங்ஸ், ஆக்சஸரீஸ் என்று போய் கண்ட்ரோலர் பகுதியில் டிரிக்கர் எஃபெக்ட்டை ஆஃப் செய்துவிடுங்கள். அப்போதும் டிரிக்கரின் நீண்ட பயணம் அப்படியேதான் இருக்கும். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளக்கும் அனலாக் டிரிக்கர் எதுவுமே வேகத் தட்டலுக்கு ஆகாது. டூயல்சென்ஸ் எட்ஜ், எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2 போன்றவற்றில் டிரிக்கர் தூரத்தைக் குறைக்கும் பூட்டு உண்டு. இல்லாதவர்கள் சுடுவதை ஆர்1க்கு மாற்றிக்கொள்வதே வழி.

ரப்பருக்குப் பதில் சின்ன உலோகத் தகடு சொடுக்கும் மைக்ரோ சுவிட்ச் பேட்கள் வேறு ரகம். ரேஸர் வுல்வரின் வி2 குரோமாவில் பட்டன் 0.65 மி.மீ.யிலேயே பதிவாகும் என்கிறது நிறுவனம். கையில் எடுத்தால் மவுஸ் கிளிக் போலவே இருக்கிறது. பயணம் குட்டை என்பதால் திரும்பும் தூரமும் குட்டை. ரப்பரில் திணறும் கட்டைவிரல் இங்கே மூச்சு விடும். கேம்சர் டி4 கலீடிலும் மைக்ரோ சுவிட்ச்தான். விலையோ பல படி கீழே. வேகத் தட்டலுக்காக மட்டும் ஒரு பேட் வாங்குகிறவருக்கு எங்கள் பரிந்துரை இதுவே.

ஆனால் மைக்ரோ சுவிட்ச்சுக்கே உரிய ஒரு நோய் உண்டு. உலோகத் தகடு சேரும்போது சில முறை அதிரும். அந்த அதிர்வைத் தனித்தனித் தட்டலாக எண்ணாமல் இருக்க ஃபர்ம்வேர் (கண்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருள்) சில மில்லிநொடி பொறுக்கும். தகடு தேய்ந்த பிறகு அதிர்வு நீண்டு அந்தப் பொறுமையையும் மீறும்; ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாகும். இலவசமாகக் கிடைத்த கூடுதல் தட்டல் என்று மகிழ வேண்டாம். அழுத்திப் பிடித்து விடும் மூவ்களும் மெனுவும் நாசமாகும்.

நின்டென்டோ ஸ்விட்சின் சிறு பட்டன் உள்ள ஜாய்-கானைத் தனியாகப் பிடித்துத் தட்டவே கூடாது. கட்டைவிரல் பக்கத்துப் பட்டனில் ஏறிவிடும். கிரிப்பில் மாட்டினால் பரவாயில்லை.

ஆர்கேட் பட்டனுக்கு வந்தால் மற்றதெல்லாம் பின்தங்கிவிடும். இங்கே தட்டுவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும்; முன்கை முழுவதும் அதன் பின்னால் வேலை செய்கிறது. சான்வா ஓபிஎஸ்எஃப்-30, 30 மி.மீ. விட்டம், பலகைத் துளையில் அழுத்தினால் சொடுக்கென உட்காரும். மிக லேசான தொடுதலுக்கே பதிவாகும். விரலைப் பட்டன்மேல் வைத்து ஓய்வெடுக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு வேண்டாத அழுத்தங்கள் விழும் அளவுக்கு லேசு. சத்தம் தொல்லை என்றால் ஓபிஎஸ்எஃப்எஸ்-30 என்ற அமைதி வகை உண்டு. மாற்றும்போது வயர் முனையைக் கவனியுங்கள். சான்வாவுக்கு 2.8 மி.மீ., அமெரிக்க ஹேப் வகைக்கு 4.8 மி.மீ. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் பொருந்தாது.

மேற்பரப்பின் வளைவும் முக்கியம். இரண்டு விரல் நகத்தால் பட்டனைக் குறுக்கே உரசிச் செல்வது ஒரு பழைய உத்தி. ஒரே வீச்சில் இரண்டு தட்டல் கிடைக்கும். சான்வாவின் குவிந்த தலையில் நகம் வழுக்கிப் போகும், ஹேப் பட்டனின் குழிந்த தலையில் விளிம்பு தடுக்கும். வட அமெரிக்க சூப்பர் என்இஎஸ் பேடில் எக்ஸ், ஒய் குழிந்தவை, ஏ, பி குவிந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய ஆர்கேட் மெஷின்களின் லீஃப் சுவிட்ச் இன்னும் ருசியானது. இரண்டு உலோகப் பட்டைகள், கிளிக் கிடையாது, மூக்குக் குறடால் பட்டையை வளைத்து இடைவெளியை நீங்களே குறைத்துக்கொள்ளலாம். அளவுக்கு மீறிக் குறைத்தால் மெஷின் அதிர்ந்தாலே சுடும்.

நம்மூரில் 90களில் டிவி கேம் ஆடியவர்களுக்கு டர்போ பட்டன் தெரிந்திருக்கும். ஃபேமிகாம் நகல்களின் பேடில் ஏ, பிக்கு மேலே கூடுதலாக இரண்டு பட்டன். பிடித்தாலே படபடவென்று சுடும். இன்று கணினியில் ஸ்டீம் கேம் கடையின் கண்ட்ரோலர் அமைப்பான ஸ்டீம் இன்புட்டுக்குள் எந்தப் பட்டனுக்கும் டர்போ வைக்கலாம், எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும் என்பதையும் அமைக்கலாம். போட்டிகளில் டர்போவை அனுமதிக்க மாட்டார்கள். தனியாக ஆடும்போது, அதுவும் கட்டைவிரல் மூட்டில் வலி இருப்பவர்கள், தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடித்தால் போதும் என்ற தேர்வைப் பல புதிய கேம்கள் ஆக்சஸிபிலிட்டி மெனுவில் தருகின்றன.

வாங்குமுன் சோதிக்க எளிய வழி ஒன்று. பட்டன் எண்ணும் ஏதாவது ஒரு கேம்பேட் டெஸ்டரில் 10 நொடி தட்டுங்கள். முதல் 5 நொடி எண்ணிக்கையையும் கடைசி 5 நொடி எண்ணிக்கையையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் பட்டன் உங்கள் விரலுக்குக் கனம். தட்டிய உணர்வு நிறைய, எண்ணிக்கை குறைவு என்றால் தட்டல்கள் கலக்கின்றன. போனில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் விரலைப் படமெடுத்து எண்ணிப் பார்த்தால் எத்தனை கலந்தது என்பது வரை தெரியும்.

பழைய ரப்பர் பேட் திடீரென்று தட்டல்களை விழுங்க ஆரம்பித்தால் தூக்கிப் போடாதீர்கள். என்இஎஸ் பேடில் பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ. எக்ஸ்பாக்ஸில் நட்சத்திர முனையின் நடுவே துளையுள்ள டி8 செக்யூரிட்டி டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், ஸ்க்ரூக்களில் ஒன்று பேட்டரி அறையின் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் பலகையின் தடங்களைத் துடையுங்கள். கார்பன் வில்லையை அழுத்தித் தேய்க்காதீர்கள், கருப்புப் பூச்சு கையோடு வந்துவிடும். வில்லை ஏற்கெனவே பளபளத்து வெளுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, ரப்பரை மாற்ற வேண்டியதுதான். வெளியார் தயாரிக்கும் மலிவான மாற்று ரப்பர்கள் பெரும்பாலும் அசலைவிட விறைப்பானவை. எனவே உடைந்த பழைய பேட் ஒன்று கிடைத்தால் அதன் ரப்பரைக் கழற்றி எடுத்து வையுங்கள்.