லீவு முடிந்த பிள்ளைகளின் பள்ளிக்கூட வீட்டுவேலைக்குத் திருகு டைமர்: என் அனுபவம்

குசினியில் முட்டை அவிக்க, கேக் வைக்க என்று பாவிக்கிறோமே, கையால் திருகிவிடுகிற டைமர், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பற்றரி இல்லை, திரை இல்லை, உள்ளே ஒரு சுருள்வில், வட்டத்தில் 60 நிமிடம் வரை எண்கள், நேரம் முடிந்ததும் மணி. திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. நான் வாங்கியது சமையலுக்கு இல்லை. ஆகஸ்ட் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பத்தாம் ஆண்டு படிக்கிற மகளையும் எட்டாம் ஆண்டு மகனையும் திரும்ப மேசையில் இருத்துவதற்கு. உதவியதா என்று கேட்டால், ஓம், நன்றாக உதவியது.

எங்கள் ஊரில் ஆகஸ்ட் எப்படிப் போகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். கனடா, லண்டன் சொந்தங்கள் வந்து நிற்கும், காலையில் நிலாவெளிக் கடல், பின்னேரம் கன்னியா வெந்நீர்க் கிணறு, இடையில் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம், இரவு ஒரு மணி தாண்டியும் மச்சான் மச்சாள்மாரோடு கதையும் போனும். கனடாப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் செப்டம்பரில்தான், நம்முடைய பிள்ளைகளோ விருந்தாளிகள் வீட்டில் இருக்கும்போதே யூனிபோர்ம் போட வேண்டியதாகிவிட்டது. அப்படி இருந்த பிள்ளையிடம் முதல் நாளே மூன்று மணித்தியாலம் இருந்து படி என்றால் கொப்பி திறந்திருக்கும், அவ்வளவுதான்.

போனிலேயே டைமர் இருக்கிறதே, எதற்குக் காசு செலவழிக்கிறாய் என்று தங்கச்சி கேட்டாள். நேரம் பார்க்க எடுத்த போன் வாட்ஸ்அப்பில் போய் நிற்கும், அதுதான் பிரச்சினையே. இந்த டைமர் வந்த பிறகு வீட்டுவேலை நேரத்தில் இரண்டு பேருடைய போனும் ஹோலில் இருக்கிற அலுமாரிக்குமேல் போய்விடும், என்னுடையதும் அதோடுதான்.

முதல் வாரம் 15 நிமிடம் மட்டும் வைத்தேன். மணி அடித்ததும் ஐந்து நிமிடம் எழும்பலாம், தண்ணி குடிக்கலாம், முற்றத்தில் நடக்கலாம், பிறகு இன்னொரு 15. அன்றைக்கு அவ்வளவு போதும். மறுவாரம் 20, பிறகு 25. இந்த 25 நிமிடக் கணக்கு 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவக் குசினி டைமர் ஒன்றை வைத்துத் தொடங்கியது, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு முறை முடிந்தால் நீண்ட ஓய்வு. எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். மகளுக்குக் கணிதத்தில் கணக்கு நடுவிலே நிற்கும்போது மணி அடித்துக் குழப்பியது, அதனால் அவள் 40 நிமிடத்துக்கு மாறிக்கொண்டாள். மகனுக்கு இன்னமும் 20தான், அதற்குமேல் கதிரையில் நெளியத் தொடங்கிவிடுவான்.

ஒன்று கட்டாயம் செய்யுங்கள். திருகுவதற்கு முதல் இந்த முறை என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு துண்டில் பிள்ளையே எழுத வேண்டும். "கணிதம் படிக்கிறேன்" என்று எழுதினால் வேலைக்காகாது, "இந்தப் பயிற்சியில் முதல் நாலு கணக்கு" என்று இருக்க வேண்டும். லீவு முடிந்து வந்த கையோடு புதுப் பாடத்தில் தொடங்கவும் வேண்டாம். மகள் சாதாரண தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாளில் தனக்குத் தெரிந்த அலகுகளின் சிறு வினாக்களைத்தான் முதல் நாட்களில் செய்தாள், கை ஓடத் தொடங்கியதும் மற்றதெல்லாம் தானாக வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது வீட்டில் சத்தம் குறைந்ததுதான். "முடிஞ்சுதா, இன்னும் முடியலையா" என்று நான் அறை வாசலில் போய் நிற்பதில்லை, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இப்போது மகளே "அம்மா, மணி அடிக்கட்டும், பிறகு கதையுங்கோ" என்கிறாள்.

குறைகளும் உண்டு. டிக் டிக் சத்தம் மகனுக்கு எரிச்சலாக இருந்தது, மடித்த துவாய்க்குமேல் வைத்தால் குறையும். ஒரு நிமிடம் முன்னே பின்னே அடிக்கும், வீட்டுவேலைக்கு அது பெரிய விஷயமில்லை. குறைந்த நேரம் வைக்கும்போது முதலில் முழுதாகத் திருகிவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வில் முறுகாமல் மணி சரியாக அடிக்காது. பின்பக்கக் காந்தத்தில் துரு பிடிக்கத் தொடங்கிவிட்டது, கடற்காற்று.

அப்புறம், நித்திரையை இந்த டைமர் சரிசெய்யாது. 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும். இந்த வயதில் நித்திரைக்கான மெலடோனின் இரவில் பிந்தித்தான் சுரக்கும், ஆகவே ஒன்பதரைக்குக் கண் சொக்கவில்லை என்றால் அதைப் பிடிவாதம் என்று ஏசாதீர்கள். படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள், காலை வெயில் முகத்தில் படட்டும். நாங்கள் சனி ஞாயிறில் ஆறு மணிக்கே டச்சுபே கடற்கரைக்குக் கூட்டிப்போனோம், சூரியன் நேரே கடலுக்குமேல் வருகிற ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடலாமா? வீட்டுவேலையையும் மத்தியானம் வைக்காதீர்கள், சூடான கச்சான் காற்று அடிக்கிற நேரம் யாராலும் படிக்க முடியாது. குளித்துத் தேத்தண்ணி குடித்த பிறகு, ரியூசன் இருந்தால் அது முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு.

உயர்தரம் படித்துக்கொண்டு தானாகவே இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்கிற பிள்ளைக்கு இது தேவைப்படாது. தரம் 7 முதல் 11 வரை உள்ள பிள்ளைகள் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். எண்கள் பெரிதாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள், கடையிலேயே ஒருமுறை திருகி மணி அடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.