‘டாக்’: இரண்டு மொழி, இரண்டு வேர்

ஆங்கிலத்தில் நாய் ‘டாக்’. ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் மொழியிலும் நாய்க்கு ஏறக்குறைய அதே ஒலிதான். வெள்ளைக்காரரிடம் வாங்கிய கடன் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1960களில் இம்மொழியைப் பதிவு செய்த மொழியியலாளர் ராபர்ட் டிக்சன் காட்டியது வேறு.

ம்பபரச் சொல்லின் மூல வடிவம் ‘குடக’. பக்கத்து மொழியான யிடிஞ்சில் அது சிதையாமல் இருந்தது. ம்பபரத்தில் சொல் ககரத்தில் தொடங்கினால் அடுத்த அசையின் அகரம் ஒகரமாகும். பிறகு முதல் அசை உதிரும், கடைசி உயிரும் போகும். மிஞ்சுவது ‘டொக்’. இந்த மொழியில் தலை உதிர்ந்த சொற்கள் ஏராளம், இது விதிவிலக்கல்ல.

ஆங்கிலத்தின் கதை இவ்வளவு தெளிவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘டொக்கா’ அபூர்வச் சொல், பொதுச்சொல் ‘ஹுண்ட்’. பின்னாளில் ‘டாக்’ பொதுப்பெயராக, ‘ஹவுண்ட்’ வேட்டைநாயோடு ஒதுங்கியது. ‘டொக்கா’வின் வேர் இன்னும் பிடிபடவில்லை. ஒலி ஒன்றானதும் உறவு கொண்டாடுபவர்கள் முதலில் பழைய வடிவங்களைத் தேடட்டும்.