கர்ப்பகால மருந்துச் செயலி: ஒரே மஞ்சளில் இரண்டு மருந்துகள்

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து இந்த ஏழாம் மாதம் வரை, மருந்தின் பெயரைத் தட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறத்தைக் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். தைராய்டு குறைவுக்கு மாத்திரையும் ஆஸ்துமாவுக்கு இரண்டு இன்ஹேலர்களும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்ததால், எனக்கு இப்படியொரு துணை தேவைப்பட்டது. செயலியின் பெயரை நான் எழுதவில்லை. இங்கே நான் மதிப்பிடுவது, நிறத்தைக் கொண்டு விடை சொல்லும் அதன் முறையை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை அட்டையைப் படமெடுத்தால், கூட்டு மருந்தில் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. காய்ச்சலுக்கென்று ஒன்றும் சளிக்கென்று ஒன்றுமாக நான் வைத்திருந்த இரண்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருந்ததையும், இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு கூடிவிடும் என்பதையும் அதன்மூலம்தான் அறிந்தேன். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும் என்று நினைவூட்டுவதும் உருப்படியான வேலை. சேர்த்து எடுத்தால் தைராய்டு மாத்திரையில் உள்ள லெவோதைராக்சின் உடலில் சரியாகச் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இதே இடைவெளி தேவை.

சிக்கல் நிறங்களில் இருக்கிறது. நான்காம் மாதத்தில் மூச்சிரைப்பு வந்தபோது, உடனடி நிவாரணத்துக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரைத் தேடிப் பார்த்தேன். மஞ்சள் நிறமும் 'எச்சரிக்கை' என்ற சொல்லும் வந்தன. அதைப் படித்துவிட்டு இரண்டு இரவுகள் இன்ஹேலரைத் தொடாமல், படுக்க முடியாமல், உட்கார்ந்தே கழித்தேன். மூன்றாம் நாள் மருத்துவர் கடிந்துகொண்டபோதுதான், கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா குறைப்பிரசவத்துக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் இடம் கொடுக்கக்கூடும் என்பதும், இந்த மருந்தை நிறுத்துவதைவிட எடுத்துக்கொள்வதே குழந்தைக்கும் நல்லது என்பதும் புரிந்தன. நோயைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

இருபத்துநான்காம் வாரத்தில் பல்வலி வந்தது. ஐபுபுரோஃபனைத் தேடினால் அதே மஞ்சள், அதே எச்சரிக்கை. மருந்துக்கடையில் இருந்த மருந்தாளுநரோ, நான் பெயரைச் சொன்னதும் "எத்தனையாவது வாரம்?" என்றுதான் முதலில் கேட்டார். இருபதாம் வாரத்துக்குப் பிறகு இவ்வகை வலிநிவாரணிகள் சிசுவின் சிறுநீரகங்களைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது. மாதவிடாய்த் தேதியை முதல் நாளே கேட்டு வாங்கி, இன்று எத்தனையாவது வாரம் என்று முகப்பிலேயே பெரிதாகக் காட்டும் செயலி, மருந்துப் பக்கத்தில் மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறது. நான் நிறுத்தியிருக்கக் கூடாத மருந்தும் அப்போது தொடக் கூடாத மருந்தும் ஒரே நிறத்தில் இருந்தால், அந்த நிறத்துக்கு என்ன பொருள்?

இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பதும் விவரப் பக்கத்தின் அடியில் தெரிந்தது. அதே நிர்வாகம் 1979-இல் கொண்டுவந்த ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற எழுத்து வகைகளைத்தான் செயலி நிறங்களாக மாற்றியிருக்கிறது. சால்பியூட்டமால் அதில் 'சி'. அந்த எழுத்தைப் பலரும் மதிப்பெண்போலப் படித்தார்கள். ஆனால், மனிதர்களிடம் போதிய ஆய்வு இல்லாத மருந்துகளும் விலங்குகளில் தீங்கு தெரிந்த மருந்துகளும் ஒன்றாகவே 'சி'யில் இருந்தன. கருத்தடை மாத்திரைகள் 'எக்ஸ்' வகையில் இருந்ததற்குக் காரணம், கர்ப்பத்தில் அவற்றால் எந்தப் பயனும் இல்லை என்பதே. கர்ப்பம் தெரியாமல் சில நாள் அவற்றை விழுங்கிய பெண் அந்தச் சிவப்பைக் கண்டு எப்படி நடுங்கிப்போவாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிறவிக் குறைபாட்டை உண்டாக்குவதில் பேர்போன, கடும் முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினுக்கும் அதே சிவப்புதான். இப்படிப்பட்ட குழப்பங்களால்தான் 2015 ஜூன் முதல் எழுத்துகள் கைவிடப்பட்டு, ஆபத்து, ஆதாரம், நோயின் பாதிப்பு ஆகியவற்றை வாக்கியங்களாக விளக்கும் முறை வந்தது. கைவிட்டதைச் செயலி நிறம் பூசித் தருகிறது.

பச்சையும் முழுமையானதாக இல்லை. லெவோதைராக்சினுக்குப் பச்சை காட்டுவது சரிதான். ஆனால் கர்ப்பத்தில் அதன் அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும், அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவை என்பதைச் சொல்லவில்லை. பழைய அளவையே நிம்மதியாகத் தொடர்ந்த எனக்கு, பரிசோதனையில்தான் அது போதாது என்று தெரிந்தது.

இவற்றை விளக்கிச் செயலியை நடத்துபவர்களுக்கு எழுதியதற்கு, 'உங்கள் மருத்துவரை அணுகவும்' என்ற ஆயத்தப் பதில் வந்தது. அவர் சொன்னதைத்தானே எழுதியிருந்தேன்!

ஐந்துக்கு இரண்டு தருகிறேன். இரண்டும் அட்டையைப் படித்துச் சொல்வதற்கும் நினைவூட்டலுக்கும். அந்த இரண்டு வேலைகளுக்காக மட்டும் செயலியை வைத்திருக்கிறேன். அது தொகுத்துத் தரும் மருந்துப் பட்டியலை ஒவ்வொரு பரிசோதனைக்கும் எடுத்துச் செல்கிறேன். மருத்துவர் அதில் வாரத்தையும் அளவையும் பேனாவால் எழுதித் தருகிறார்.