மூன்று வருடமாக என் தொட்டியில் மட்டி

போன ஞாயிற்றுக்கிழமை நான்காம் எண் மட்டியை மணலிலிருந்து எடுத்து அளந்தேன். 45 மில்லிமீட்டர், 35 கிராம். 2022 ஆகஸ்டில் பழவேற்காட்டில் வாங்கி வந்தபோது 38 மில்லிமீட்டர், 21 கிராம். அடையாளத்துக்காக ஓட்டின் மேல் அக்காவின் நகப்பூச்சால் நான்கு சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். மூன்று புள்ளிகள் இன்னும் அழியவில்லை. அன்று கூட வந்த பன்னிரண்டில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். மற்றவை எப்படிப் போயின என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதில் பாதிக்கு மேல் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை.

கண்ணாடித் தொட்டியில் மட்டி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது நீலமும் பச்சையுமாக மினுங்கும் டிரைடாக்னா என்ற ராட்சத மட்டி. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் அதை விசாரிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதன் சதை மடிப்புக்குள் நுண்பாசி குடியிருக்கும். வெளிச்சம் பட்டால் அந்தப் பாசி உணவு தயாரித்து மட்டிக்கும் பங்கு கொடுக்கும். அதனால்தான் அதை வளர்ப்பவர்கள் விளக்குக்கு அவ்வளவு செலவு செய்கிறார்கள். ஆனால் டிரைடாக்னா மாக்சிமா, டிரைடாக்னா ஸ்குவாமோசா இரண்டும் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கல் பவளங்களும் அதில்தான். யாராவது மறைவாக எடுத்துக் காட்டினாலும் வாங்காதீர்கள். கடலில் இருக்க வேண்டியது அது.

என்னிடம் இருப்பது நம் ஊர்க் கழிமுகத்து மட்டி, குழம்பு வைக்கிறோமே, அதேதான். மெரிட்ரிக்ஸ் காஸ்டா என்று பெயர். மஞ்சளும் பழுப்புமாக வழவழப்பான ஓடு. மணலுக்குள் புதைந்து கிடப்பதால் பகலில் தொட்டியைப் பார்ப்பவர்களுக்கு வெறும் மணல்தான் தெரியும். "காசு குடுத்து மண்ண வாங்கி வச்சிருக்கியாடா?" என்று மாமா கேட்டார். அவரை ராத்திரி பத்து மணி வரை இருக்கச் சொன்னேன்.

அந்த நேரத்தில் மணலில் இரண்டு சின்னத் துளைகள் திறக்கும். ஒன்றின் ஓரம் முழுக்க இமை மயிர் போல மெல்லிய இழைகள். தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகிறது, பக்கத்துத் துளை வழியாக வெளியே வருகிறது. சொட்டுக் குழாயில் பாசி நீரை எடுத்து அருகில் ஒரு துளி விட்டால், அந்தப் பச்சை நூல் போல நீண்டு முதல் துளைக்குள் இழுபடும். இரண்டாவதிலிருந்து தெளிந்த நீர் வரும். கையின் நிழல் விழுந்தால் இரண்டும் சட்டென்று மூடிக்கொள்ளும். மாமா பதினொன்றரைக்குத்தான் கிளம்பினார்.

தொட்டி தண்டையார்பேட்டை வீட்டின் முன்னறையில் இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணல் நான்கு அங்குலம். அதற்குக் குறைத்தால் மட்டியால் ஒழுங்காகப் புதைய முடியாது. தண்ணீர் ஏறக்குறைய 160 லிட்டர். காசிமேடு நடந்து போகிற தூரம்தான், ஆனால் துறைமுகத் தண்ணீரில் டீசலும் கழிவும் கலந்திருக்கும். அதனால் ஆர்ஓ தண்ணீரில் கடலுப்புத் தூள் கலந்துதான் ஊற்றுகிறேன். வாரம் 15 லிட்டர் மாற்றுவதற்கு அரைக் கிலோ உப்பு ஆகிறது. உப்பை 30 பிபிடியில், அதாவது ஆயிரத்துக்கு 30 பங்கில், வைத்திருக்கிறேன். திறந்த கடலில் 35 பக்கம் இருக்கும். கழிமுகத்து மட்டி மழைக்காலத்தில் உப்பு குறைவதையும் தாங்கிப் பழகியது, 30 அதற்குப் போதும். உப்பு, கரண்ட், பாசிக்கான உரம் எல்லாம் சேர்த்து மாதம் 900 ரூபாய் வரை ஆகிறது.

முதல் நான்கு மாதத்தில் ஏழு மட்டிகள் செத்தன. தண்ணீரில் குறையே இல்லை. அம்மோனியா பூஜ்யம், கால்சியம் 420, காரத்தன்மை சரி. மாதாமாதம் நகைத் தராசில் எடை பார்த்தேன், எடையும் குறையவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. பட்டினி என்பது பிறகுதான் புரிந்தது. மட்டியின் எடையில் பெரும்பங்கு ஓடு. உள்ளே சதை மெலிந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிடும், தராசில் வித்தியாசம் தெரியாது. நம்ப வேண்டியது ஓட்டின் விளிம்பை. மட்டி வளர்ந்தால் அங்கே வெளிறிய, மெல்லிய புதுக் கோடு ஒன்று தெரியும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். செத்த ஏழில் ஒன்றுக்கும் அந்தக் கோடு இல்லை. மீனுக்குப் போடும் தீனியின் மிச்சமே அவற்றுக்குப் போதும் என்று எனக்குச் சொன்னவர்களை நம்பியிருந்தேன். போதாது. மட்டி வாங்குமுன் பாசி வளர்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பாசி வளர்க்க நேரம் இல்லையென்றால் மட்டி வேண்டாம்.

பாசி வளர்ப்பது கஷ்டமான வேலை இல்லை, ஆனால் தினமும் கவனிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் விதைப் பாசி கொடுத்தார். இரண்டு லிட்டர் பெட் பாட்டில் ஆறு, காற்றுப் பம்பு ஒன்று, டியூப் லைட் ஒன்று. கொதிக்க வைத்து ஆற்றிய உப்பு நீரில் உரத்தைச் சொட்டு சொட்டாக விட்டு, பழைய பாட்டிலில் இருந்து கால் பங்கு ஊற்றினால் ஐந்தாறு நாளில் நிறம் ஏறிவிடும். நானோக்ளோராப்சிஸ் என்ற பாசி எளிதாக வளரும், ஆனால் அதை மட்டும் கொடுத்தபோது விளிம்பில் கோடு வரவில்லை. அது அளவில் மிகச் சிறியது. ஐசோகிரைசிஸ், கீட்டோசெரோஸ் என்ற வேறு இரண்டு பாசிகளையும் கலந்து கொடுக்க ஆரம்பித்த இரண்டாம் மாதம்தான் முதல் கோட்டைப் பார்த்தேன். மே மாத வெயிலில் ஐசோகிரைசிஸ் என் வீட்டில் நிற்கவில்லை, கீட்டோசெரோஸ் நின்றது. அது சிலிக்கா ஓடு கட்டும் பாசி, அதனால் உரத்தோடு சிலிக்கேட்டும் விட வேண்டும். பச்சையோ பழுப்போ வெளுத்து நாற்றம் வந்தால் அந்தப் பாட்டிலை மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். காப்பாற்றப் பார்த்தால் மற்ற பாட்டில்களும் கெடும்.

இன்னொன்று, பாசி ஊற்றும்போது, நுரை எழுப்பித் தண்ணீரில் உள்ள கழிவைப் பிரிக்கும் நுரை வடிகட்டியை நான்கு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் ஊற்றிய பாசியை அதுவே எடுத்துவிடும்.

2023 பிப்ரவரியில் மறுபடியும் பழவேற்காடு போய்ப் பத்து மட்டி வாங்கினேன். அங்கே மீன் விற்கும் அம்மா சொன்ன வழியைத்தான் இன்றும் செய்கிறேன். "ரெண்ட ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாரு தம்பி. கல்லு மாரி சத்தம் வந்தா உசிரோட இருக்கு. பொத்துனு கேட்டா உள்ள சேறுதான்." வாங்கியதும் ஒரு ராத்திரி தனி வாளியில் வைத்தால் சேற்றைக் கக்கிவிடும். எண்ணூர் பக்கத்து மட்டியை நான் தொட்டிக்குள் விடுவதில்லை. சாம்பலும் வெந்நீரும் ஏற்கெனவே பாழாக்கிய முகத்துவாரம் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் பரவியது. அங்கே வலை போடுகிறவர்களின் படகும் கையும் கறுத்துக் கிடந்ததை நேரில் பார்த்தேன். இன்னும் மனது ஆறவில்லை.

அதே மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இரண்டரை நாள் கரண்ட் இல்லை. பேட்டரிப் பம்பு ஒன்றை வைத்துச் சமாளித்தேன். ஒரு கோபி மீன் செத்தது. மட்டி ஒன்றுகூடச் சாகவில்லை. ஓட்டை இறுக மூடிக்கொண்டால் ஆக்சிஜன் இல்லாமலும் சில காலம் அதன் உடம்பு ஓடும். கரண்ட் வந்த மறுநாள் இரவு பதினைந்தும் துளை திறந்தன. டார்ச் அடித்து இரண்டு தடவை எண்ணினேன்.

புயலைத் தாங்கியவை மருந்தில் போயின. 2024 ஜூனில் க்ளவுன் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. கடையில் கொடுத்த மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றினேன். அதில் செம்பு இருந்தது, சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் படிக்கவில்லை. மீன் பிழைத்தது, மட்டி ஆறு செத்தன. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு விஷம். மணலும் கல்லும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் மணலை முழுவதும் மாற்றினேன். மீனுக்கு மருந்து என்றால் இப்போது தனி வாளியில்தான். செத்த மட்டியை அன்றே எடுத்துவிட வேண்டும் என்பதையும் அந்த வாரம் கற்றேன். ஒன்றை ஒரு நாள் விட்டதில் தண்ணீர் பால் போலக் கலங்கியது. வாய் திறந்திருப்பதைத் தொட்டும் மூடவில்லையென்றால் யோசிக்காமல் வெளியே எடுங்கள்.

இந்த வருடம் ஒன்று நண்டால் போனது. கல்லோடு வந்த குட்டி நண்டு. அது குட்டியாக இருந்தபோதே பிடித்திருக்க வேண்டும். பட்டாம்பூச்சி மீன், பேத்தை இரண்டும் மட்டியின் குழாயைக் கொத்தும், சேர்க்காதீர்கள்.

கோடையில் தண்ணீர் 33 டிகிரி வரை போகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கவில்லை. மேலே சின்ன மின்விசிறி வைத்தால் 30க்கு இறங்குகிறது, இந்த மட்டி அதைத் தாங்குகிறது. விசிறியால் தினம் மூன்று லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீரை ஊற்ற வேண்டும். ஓட்டுக்கான கால்சியத்துக்குச் சுத்தமான சுண்ணாம்புத் தூளைக் கரைத்து, தெளிந்த நீரை ராத்திரியில் சொட்டவிடுகிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

அம்மா ஆரம்பத்தில், "குழம்புக்கு வாங்குறத கண்ணாடில வச்சு கும்பிடுறான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நான் வெளியூர் போனால் காலையும் இரவும் பாசி ஊற்றுவது அவர்தான். அளவுக்கு ஒரு டம்ளரில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்தால் எந்த எண் திறந்தது, எது திறக்கவில்லை என்று சொல்வார்.

எட்டு மட்டிகளில் ஏழுக்கு இந்த மாதம் புதுக் கோடு வந்திருக்கிறது. பதினொன்றாம் எண்ணுக்கு இன்னும் இல்லை. அதைக் குழல் விளக்கடியில் தனிக் கிண்ணத்தில் வைத்து, ஒரு வாரம் கீட்டோசெரோஸ் மட்டும் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். பாட்டில் ஒன்று நேற்றிலிருந்து வெளுத்துத் தெரிகிறது. இன்று இரவே அதைக் கொட்டிவிட்டு மற்றதிலிருந்து புதிதாகப் பிரிக்க வேண்டும்.