மூணு மாத ஊசி: போட்டுப் பார்த்தவள் சொல்வது

அரசு ஆஸ்பத்திரிகளில் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாகப் போடுகிறார்களே, அந்த மூன்று மாதக் கருத்தடை ஊசியை 2021-லிருந்து 2024 வரை போட்டுக்கொண்டேன். இப்போது நிறுத்தியாகிவிட்டது. "போடலாமாடி?" என்று கேட்கிற தோழிகளுக்கும் சித்தி மகள்களுக்கும் போனில் துண்டு துண்டாகச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் உள்ளே போன பிறகு திரும்ப எடுக்க முடியாத மருந்து இது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளையே நிறுத்தலாம். காப்பர் டி பிடிக்கவில்லை என்றால் போய் எடுத்துவிடலாம். ஊசி மட்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மூன்று மாதம் அதோடுதான் குடித்தனம். அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் சிரிஞ்சு ஏறும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

நான் ஏன் ஊசிக்குப் போனேன்? மூத்தவன் பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. அடுத்த குழந்தைக்கு மூன்று வருட இடைவெளியாவது வேண்டும் என்று நானும் வீட்டுக்காரரும் பேசி வைத்திருந்தோம். காப்பர் டி என்றால் எனக்குப் பயம். காரணம் கேட்காதீர்கள், பயம்தான். தினசரி மாத்திரை எனக்குச் சரிப்படாது. கைக்குழந்தையோடு எந்த நேரத்துக்குச் சாப்பிட்டேன் என்பதே நினைவிருக்காது, இதில் மாத்திரை எங்கே? போதாக்குறைக்கு, கூட்டுக் குடும்பத்தில் அலமாரியில் ஒரு மாத்திரை அட்டை இருந்தால் அது என்ன, எதுக்கு என்று மூன்று பேராவது கேட்பார்கள். ஊசிக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே ரெண்டு பிள்ளை, உடனே ஆபரேஷன் என்றுதான் பழகியிருக்கிறோம். நடுவில் இடைவெளி விடுவதற்கு வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

உள்ளே போகிற மருந்தின் பெயர் மெட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன். தனியாரில் டெப்போ புரோவெரா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு டோஸ் 150 மில்லிகிராம், கையிலோ இடுப்பிலோ தசைக்குள் போடுவார்கள். 13 வாரத்துக்கு ஒருமுறை. கருமுட்டை வெளியே வருவதைத் தடுப்பது இதன் முதல் வேலை. கருப்பை வாயில் இருக்கும் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவை உள்ளே விடாமல் செய்வதும், கருப்பையின் உட்சுவரை மெலிதாக்குவதும் கூட நடக்கும். தேதி தவறாமல் போட்டால் ஆயிரத்தில் ஓரிருவருக்குத்தான் தப்பும். ஆனால் தேதியைத் தவறவிடுகிறவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், வருடத்துக்கு நூறில் நாலைந்து பேர் கர்ப்பமாகிவிடுகிறார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் முழுக்க முழுக்க காலண்டர்தான்.

போடும்போது கவனித்த ஒன்று. குப்பியில் மருந்து அடியில் வெள்ளையாக, சுண்ணாம்பு வண்டல் மாதிரி படிந்திருக்கும். நன்றாகக் குலுக்கினால்தான் பால் நிறத்தில் ஒரே சீராகக் கலக்கும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா அதை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் குலுக்கிக் காட்டிவிட்டுத்தான் சிரிஞ்சில் ஏற்றுவார். போட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் பஞ்சை வைத்துத் தேய்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "தேய்க்காதம்மா. வெந்நீர் ஒத்தடமும் குடுத்துறாத. மருந்து கொஞ்சங்கொஞ்சமா இறங்கணும், தேய்ச்சா சீக்கிரம் கரைஞ்சுரும், மூணு மாசம் தாங்காது." வேறொரு இடத்தில் ஒருமுறை போட்டபோது அங்கிருந்தவர் தானே தேய்த்துவிட வந்தார். நான்தான் தடுத்தேன். ஆகவே இது நீங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம்.

சரி, ரத்தப்போக்குக்கு வருகிறேன். ஊசியைப் பாதியில் விடுகிற பெண்களில் பெரும்பாலானவர்கள் இதனால்தான் விடுகிறார்கள்.

முதல் ஊசிக்குப் பிறகு எனக்கு மாதவிடாய் என்று தனியாக எதுவும் வரவில்லை. அதற்குப் பதில் கசிவு. நாலு நாள் படும், ரெண்டு நாள் நிற்கும், மறுபடி படும். அதிகம் இல்லை, ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டுக்குப் போகும்போதும் பையில் நாப்கின். கோயிலுக்குக் கிளம்பிவிட்டுத் திரும்பி வந்ததும் உண்டு. இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒருமுறை பத்து நாள் தாண்டியும் நிற்காமல் போனது. டாக்டரிடம் போனேன். ரத்த அளவு பார்த்தார், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்தார், மெஃபனமிக் ஆசிட் மாத்திரை ஐந்து நாளுக்கு எழுதிக்கொடுத்தார். நின்றது. கருப்பைச் சுவர் மெலிதாகும்போது அங்கங்கே உதிர்வதால் வரும் கசிவு இது, முதல் சில மாதம் இப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் மனசு ஆறியது.

அப்புறம் நேர்மாறாக, அடியோடு நின்றுபோனது. மூன்றாவது, நான்காவது ஊசிக்குப் பிறகு மாதவிடாயே இல்லை. ஒரு வருடம் தொடர்ந்து போடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி நின்றுவிடும். இங்கேதான் வீட்டில் பிரச்சினை ஆரம்பித்தது. "தீட்டு வெளியே வரலைன்னா அந்தக் கெட்ட ரத்தமெல்லாம் எங்கடி போகுது? வயித்துக்குள்ள கட்டியா நிக்கப்போகுது" என்று அத்தைக்கு ஒரே கவலை. அன்பில் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி எதுவும் தங்குவதில்லை. மாதாமாதம் கருப்பைச் சுவர் தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்வதுதான் மாதவிடாய். ஊசி அந்தச் சுவரைத் தடிக்கவே விடுவதில்லை. உதிர ஒன்றும் இல்லாததால் வருவதில்லை, அவ்வளவே. அத்தையிடம் இதை நான் சொன்னபோது எடுபடவில்லை. நர்ஸ் அக்கா வீட்டுக்கு வந்து சொன்னபோது எடுபட்டது. எனக்கு இதில் ஒரு லாபமும் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு ஒற்றை இலக்கத்தில் தேங்கிக் கிடந்த ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது.

இதற்கும் எல்லை உண்டு. வழக்கமான மாதவிடாயைப் போல இரண்டு மடங்கு போனாலோ, 8 நாளுக்கு மேல் நிற்காமல் கொட்டினாலோ, "ஊசின்னா அப்படித்தான்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அடிவயிற்றில் கடும் வலி, ஊசி போட்ட இடத்தில் சீழ், கண் மஞ்சளாவது, பார்வை மங்குவதோடு வரும் தலைவலி இதெல்லாமும் அந்த வரிசைதான்.

எடை கூடியது. மறைப்பானேன். ஊசியால் எவ்வளவு, பிள்ளை மிச்சம் வைத்த சோற்றைத் தின்றதால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. எல்லோருக்கும் கூடுவதில்லை என்பதும் உண்மை. டாக்டர் சொன்ன ஒரு கணக்கு உபயோகமாக இருந்தது: முதல் 6 மாதத்திலேயே இருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால், தொடர்ந்து போட்டால் இன்னும் ஏறத்தான் வாய்ப்பு அதிகம். 60 கிலோ இருப்பவருக்கு அது 3 கிலோ. அந்தக் கட்டத்தில் வேறு முறைக்கு மாறுவதா என்று யோசிக்கலாம். எனக்கு அந்த அளவுக்கு ஏறவில்லை, தொடர்ந்தேன். தலைவலி சில நாள் இருந்தது, போய்விட்டது. தாம்பத்தியத்தில் நாட்டம் கொஞ்சம் குறைந்தது, வறட்சியும் இருந்தது. டாக்டரிடம் இதைச் சொல்ல எனக்கு வெகுநாள் வாய் வரவில்லை. சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் இப்படி ஆகலாம் என்றார். சிலருக்கு மனச்சோர்வு வரும். முன்பே அந்தத் தொந்தரவு இருந்தவர்கள் அதைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

அதே ஈஸ்ட்ரோஜன் குறைவதால்தான் எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, வேறு முறை பொருந்தினால் இரண்டு வருடத்துக்கு மேல் இதைத் தொடர வேண்டாம் என்று மருந்துப் பெட்டியிலேயே கடும் எச்சரிக்கை போடவைத்தது. உலக சுகாதார நிறுவனமோ 18-லிருந்து 45 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கால வரம்பு விதிக்கவில்லை. நிறுத்திய பிறகு எலும்பு பெரும்பாலும் தேறிவிடுகிறது என்பது அதற்குக் காரணம். எனக்கு வயது முப்பதுக்குள், எலும்பைப் பாதிக்கிற ஸ்டீராய்டு மருந்து எதுவும் எடுக்கவில்லை, அதனால் இரண்டு வருடம் முடிந்ததும் டாக்டரிடம் மறுபடி பேசிவிட்டுத்தான் தொடர்ந்தேன். கேழ்வரகும் பாலும் வீட்டில் எப்போதும் உண்டு.

நான் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது, 2024-ல், பிரான்சிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் இந்த ஊசி போட்டவர்களுக்கு மெனிஞ்சியோமா என்ற மூளை உறைக் கட்டி வரும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் தெரிந்தது என்றது. வாட்ஸ்அப்பில் அது "ஊசி போட்டால் பிரெயின் கேன்சர்" என்றாகிச் சுற்றியது. மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அது அரிதான கட்டி, அரிதானது ஐந்து மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். ஆனாலும் சிரித்து ஒதுக்குகிற செய்தி இல்லை. ஏற்கெனவே அந்தக் கட்டி இருந்தவர்கள் இதன் பக்கம் போகவே கூடாது. வருடக்கணக்கில் போடுகிறவர்கள் புதிதாக விடாத தலைவலி, பார்வைக் கோளாறு வந்தால் ஊசிச் சீட்டோடு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னும் யாருக்கு ஆகாது? மார்பகப் புற்றுநோய் இருப்பவர்களுக்கு அறவே கூடாது. ரத்த அழுத்தம் 160/100-ஐத் தொட்டவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், காரணம் தெரியாமல் ரத்தம் போகிறவர்கள், முற்றிய கல்லீரல் நோய் உள்ளவர்கள், குழந்தை பிறந்து 6 வாரம் ஆகாத, பால் கொடுக்கும் தாய்மார்கள் இவர்களுக்கும் பொதுவாகப் போடுவதில்லை. 6 வாரம் தாண்டிவிட்டால் பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடலாம், பால் வற்றாது. எனக்கு வற்றவில்லை. காசநோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி: அந்த மருந்துகள் சில, கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும், இந்த ஊசியைக் குறைப்பதில்லை. எச்ஐவி, பால்வினை நோய்கள் எதையும் ஊசி தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

இந்த மருந்தை எதிர்த்து டெல்லி 'சஹேலி' உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் நம் நாட்டில் வருடக்கணக்கில் போராடியிருக்கின்றன. 1993-லேயே தனியார் விற்பனைக்கு அனுமதி கிடைத்தும், அரசுத் திட்டத்துக்குள் வந்தது 2017-ல்தான். பக்கவிளைவுகளைச் சொல்லாமலே ஏழைப் பெண்களுக்குப் போட்டுவிடுவார்கள், பிறகு யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவர்களின் பயங்களில் ஒன்று. ஊசி போட்டுக்கொண்டவளாகச் சொல்கிறேன், அந்தப் பயம் நியாயமானது. எனக்கு வாய்த்த நர்ஸ் அக்கா மாதிரி ஒருவர் கிடைக்காமல், ஒரே வரியில் "மூணு மாசத்துக்குக் கவலையில்ல" என்று போட்டு அனுப்பப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் இரண்டாவது ஊசிக்குப் போகவில்லை.

தேதிக் கணக்கு: மாதவிடாய் தொடங்கிய 7 நாளுக்குள் போட்டால் உடனே பாதுகாப்பு. வேறு நாளில் என்றால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போடலாம், ஆனால் அடுத்த 7 நாள் ஆணுறை வேண்டும். அடுத்த ஊசியைக் குறித்த தேதிக்கு 2 வாரம் முன்பே போடலாம், 4 வாரம் பிந்தியும் போடலாம். இந்த 4 வாரச் சலுகையைக் கடைசிவரை இழுக்காதீர்கள். அது ஊருக்குப் போய் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு. அந்தரா அட்டையில் தேதி எழுதித் தருவார்கள், நான் அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போனிலும் நினைவூட்டல் வைத்திருந்தேன்.

நிறுத்துவது பற்றி. "ஊசி போட்டா அப்புறம் பிள்ளையே தங்காது" என்பது பொய். உடனே தங்கும் என்று நினைப்பதும் தப்பு. கடைசி ஊசியிலிருந்து எண்ணினால் சராசரியாக 10 மாதம் வாக்கில் கரு தங்குகிறது, சிலருக்கு ஒரு வருடம் தாண்டும். மாத்திரையையோ காப்பர் டி-யையோ விட்டவர்களுக்கு இவ்வளவு ஆகாது. அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த ஊசியைச் சொல்லவே மாட்டேன். எனக்கு மாதவிடாய் திரும்ப அரை வருடத்துக்கு மேல் ஆனது, அதுவும் முதலில் ஒழுங்கில்லாமல்தான் வந்தது.

ஊசியை விட்டுவிட்டு, ஆனால் குழந்தையும் இப்போது வேண்டாம் என்று இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை, அதனால் பயமில்லை என்று இருக்காதீர்கள். கருமுட்டை முதலில் வரும், மாதவிடாய் அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். எங்கள் சொந்தத்தில் ஒருத்தி மாதவிடாய்க்குக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது மூன்றாம் மாதம். கடைசி ஊசியின் 13 வாரம் முடிகிற அன்றைக்கே வேறு முறையைத் தொடங்கிவிட வேண்டும்.